அண்ணாச்சி சொல்லச் சொன்னாவ

அத்தியாயம் 17

சிவகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பதினாறு வாரமாகப் படிக்கிறேன். இந்தச் செல்லப்பா ஒரு தடவையாவது சொந்தமாக ஒரு முடிவு எடுப்பாரா, மாட்டாரா? எனக்கே அலுத்துவிட்டது." அம்மா, உங்களுக்குப் படிக்கிற அலுப்பு. என் பாட்டை யோசித்துப் பாருங்கள். அந்த மனிதரை வாராவாரம் எழுப்பிக் குளிக்க வைத்துச் சட்டை மாட்டி அனுப்புகிறவன் நான்.

புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. தென்காசியில் பாலம்மாள் மோட்டார் சர்வீஸ் என்று பதினொரு பஸ் ஓடுகிறது. முதலாளி சிவனணைந்தபெருமாள், வயது ஐம்பத்தெட்டு. ஊர் முழுக்க அவருக்கு அண்ணாச்சி என்றுதான் பேர். அவருடைய கூடப்பிறந்த தம்பி செல்லப்பா. முப்பத்தொன்பதாம் வருஷம், பத்தொன்பது வயதில் ஷெட்டுக்குள் நுழைந்தவர். இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அங்கே அவருக்கு ஒரு பதவி கிடையாது. தம்பி, அவ்வளவுதான்.

போன மாதம் அண்ணாச்சி திடீரென்று, "எனக்குப் போதும். ஒரு மேனேஜர் போட்டுட்டு நான் ஒதுங்கிக்கிடுதேன்" என்றார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. தம்பியைப் போடுவதா, விளம்பரம் பார்த்து எழுதிப்போட்ட மதுரைக்காரரைப் போடுவதா என்று அவருக்கே குழப்பம். அந்தச் சமயம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு சங்கத்தார் குற்றாலத்தில் பங்களா எடுத்து, தொழில் நடத்துகிறவர்களுக்கு நாலு நாள் நிர்வாகப் பயிற்சி என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். தம்பியை அங்கே அனுப்பினார் அண்ணாச்சி. கடைசி நாள் முதலாளிகளும் வந்து பார்க்கலாம் என்றார்கள். அன்றைக்குப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

இன்றைக்கு அந்தக் கடைசி நாள்.

காலை ஏழு மணி. செல்லப்பா வீட்டில் ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பயிற்சி நடத்துகிற ஆதம் கொடுத்த வீட்டுப்பாடம். தாளில் நாலு கட்டம். தேதி, என்ன உத்தரவு, யாருக்கு, யார் பேரில். போன ஒரு வாரத்தில் ஷெட்டில் போட்ட உத்தரவு ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

அவர் மனைவி உலகம்மை தேய்த்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். நின்றபடியே தாளைப் படித்தாள்.

"இதென்ன, கடைசிக் கட்டத்துல வரிசையா அண்ணாச்சி, அண்ணாச்சின்னு போட்டிருக்கு?"

"அப்படித்தானட்டி சொன்னேன்."

"நாப்பத்தி மூணு இருக்கு. நாப்பத்தி மூணும் அவுக சொன்னதா?"

செல்லப்பா பேனாவை மூடினார். "ரெண்டுதான் அவுக சொன்னது."

"எந்த ரெண்டு?"

"பழைய பேப்பரக் கட்டி வையின்னாவ. பொறவு, வெந்நி கேட்டாவ."

உலகம்மைக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரியடுப்பு கட்டி ஓடிய முதல் வண்டிக்கு ஒரு முரட்டு டிரைவர் இருந்தான். டயரைச் சோதித்துவிட்டு வண்டியை எடு என்று செல்லப்பா சொன்னார். "நீ யாருலே சின்னப் பய?" என்றான் அவன். மறுபடியும் போய், "அண்ணாச்சி சொல்லச் சொன்னாவ" என்றார். அவன் மறுபேச்சில்லாமல் இறங்கி டயரைப் பார்த்தான். அட, இது நல்ல வழியாக இருக்கிறதே என்று தோன்றியது. அதோடு அண்ணன் இருக்கும்போது தம்பி தன் பேரில் உத்தரவு போடுவது மரியாதையும் இல்லை. அன்றைக்குப் பிடித்தது. எந்த வண்டி எந்த ரூட்டில், யாருக்கு லீவு, யாருக்கு அபராதம், எந்தக் கண்டக்டரின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்க வேண்டும், எல்லாம் செல்லப்பா யோசித்துச் செய்தது. வெளியே சொன்னது அண்ணாச்சி பேரில். அண்ணாச்சி முன்னறையில் உட்கார்ந்து காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

"இன்னைக்கு இத அவுக முன்னால நின்னு வாசிங்க" என்றாள் உலகம்மை.

"அண்ணாச்சி மொகத்தப் பாத்துக்கிட்டு எப்படிட்டி இத வாசிக்க? நீங்க ஒண்ணும் செய்யலன்னு சொன்ன மாதிரி ஆயிராதா?"

"சரி, வாசிக்காதிய. மதுரைக்காரன் வரட்டும். நாளைக்கு உடம்பு சரியில்லன்னா, சம்பளத்துக்கு வந்தவன்கிட்ட போயி லீவு கேட்டு நில்லுங்க."

செல்லப்பா தாளின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"தம்பி பொண்டாட்டி, தம்பி பொண்டாட்டின்னு கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப்போச்சு" என்றாள். "நீங்க மேனேஜர் ஆகணும்னு நான் பெருமைக்காகச் சொல்லல. ராத்திரி தூக்கத்துல கூட வண்டி நம்பர் சொல்லுதிய. அந்தப் பாட்ட நீங்கதான் படுதியன்னு ஒரு மனுசனாவது தெரிஞ்சுக்கிட வேண்டாமா?"

தாளை அவளே நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவிக்குப் போகிற கூட்டம் பங்களா வாசல் வழியாகத்தான் போனது. பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் காலையிலேயே அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்து தூங்கினார்கள். பாவூர்சத்திரம் அரிசி ஆலைக்காரர் குறட்டையே விட்டார்.

ஆதம் கடையநல்லூரில் பிறந்தவர். பம்பாய் ஆலைகளில் பத்து வருஷம் இருந்துவிட்டு இப்போது ஊர் ஊராகப் போய் இந்தப் பாடம் நடத்துகிறார். நாலு நாளாகக் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. பின்வரிசையில் முதலாளிகள் எட்டுப் பேர். நடுவில் அண்ணாச்சி, முழங்கால் வலிக்காகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"முதலாளிகள் இப்போது வாய் திறக்கக் கூடாது. நான் ஒரு பிரச்சினை சொல்வேன். உங்கள் ஆள் முடிவு சொல்வார். மிஸ்டர் செல்லப்பா, வாருங்கள்" என்றார் ஆதம்.

செல்லப்பா கரும்பலகைப் பக்கம் போய் நின்றார். அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவர் உட்காருவதில்லை என்பதால் போட்டிருந்த நாற்காலியைத் தொடவில்லை.

"உங்களிடம் ஒரு டிரைவர். பல வருஷம் வேலை பார்த்தவர், நல்லவர். ஆனால் இனி அவர் வண்டி ஓட்டினால் ஆபத்து. நீங்கள் மேனேஜர். என்ன செய்வீர்கள்?"

ஆதம் ஏதோ புத்தகத்திலிருந்து எடுத்த கேள்விதான். ஆனால் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் செல்லப்பா அதைச் செய்திருந்தார். பதினாலு வருஷம் சிவகிரி வண்டி ஓட்டிய மாடக்கண்ணுவை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

"அது... அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டு..."

சபை சிரித்தது. தூங்கியவர்களும் எழுந்து என்னவென்று கேட்டுச் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி ஊரில் இல்லை. வண்டி கிளம்ப இன்னும் பத்து நிமிஷம்" என்றார் ஆதம்.

"வேற டிரைவரப் போட்டு அனுப்பிருவேன். பொறவு அண்ணாச்சி வந்ததும்..."

ஆதம் சாக்கட்டியைக் கீழே வைத்தார். "சரி. வீட்டுப்பாடம் எழுதினீரா? அதை வாசியும்."

சட்டைப் பையில் தாள் இருந்தது. மெல்லிய சட்டை. மடிப்பு வெளியே தெரிந்தது. செல்லப்பா பின்வரிசையைப் பார்த்தார். அண்ணாச்சி, பாவம், தம்பி எப்படியாவது தேறிவிட மாட்டானா என்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன் சார்."

பொய்தான். அங்கே அத்தனை பேருக்கும் தெரிந்த பொய். அண்ணாச்சி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

டீக்காக வெளி வராந்தாவுக்கு வந்தார்கள். அண்ணாச்சி ஆதமிடம் மெதுவாகச் சொன்னது செல்லப்பா காதில் விழுந்தது.

"நல்ல பய சார். தங்கமான பய. ஆனா ஒரு முடிவெடுக்கத் தெரியல, பாத்தீரா? நான் மதுரைக்குக் கடுதாசி போட்டுருதேன்."

இருபத்திரண்டு வருஷத்துக்கு இதுதான் சர்டிபிகேட். செல்லப்பாவுக்குத் துக்கம் கூட வரவில்லை. எங்கேயாவது படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உலகம்மையிடம் போய் என்ன சொல்வது என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை மழையில் நனைந்தபடி உள்ளே வந்தாள். மாடக்கண்ணுவின் மனைவி வள்ளித்தாய். தென்காசி ஷெட்டுக்குப் போய் அண்ணாச்சி இங்கே இருப்பதைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். படியில் ஏறவில்லை. கீழேயே நின்றாள்.

"முதலாளி, எங்க வீட்டுக்காரரு என்ன திருடினாரு? அத மட்டும் சொல்லுங்க. நான் போயிருதேன்."

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு, மாடக்கண்ணா? அவன் லீவுல இல்லையா?"

"நீங்கதான நிப்பாட்டினிய!"

"நானா? நான் எப்பம்மா நிப்பாட்டினேன்?"

"தம்பி முதலாளி வந்து சொன்னாவளே. அண்ணாச்சி சொல்லச் சொன்னாவ, நாளையிலேருந்து வரவேண்டாம், காரணம் எனக்குத் தெரியாதுன்னு." வள்ளித்தாய் முந்தானையால் முகத்து ஈரத்தைத் துடைத்தாள். "காரணம் சொல்லாம நிப்பாட்டினா ஊரு என்ன சொல்லும்? டிக்கெட் காசுல கைவச்சிட்டான்னு சொல்லுதாவ. டீசலு வித்தான்னு சொல்லுதாவ. உங்ககிட்ட நேர்ல கேக்கணும்னு ரெண்டு நாளு காலையில வந்து ஆபீசு வாசல்ல நின்னாரு. நீங்க அவரப் பாத்துச் சிரிச்சு, சாப்பிட்டியாலே மாடக்கண்ணுன்னு கேட்டியளாம். சோத்தப் பறிச்சுட்டுச் சாப்பிட்டியான்னு கேக்காவளேட்டின்னு வீட்டுல வந்து விக்கி விக்கி அழுதாரு முதலாளி. முந்தாநாளு வெளிய போனவரு, இன்னும் வீடு வந்து சேரல."

டீ கிளாசோடு நின்றவர்கள் அத்தனை பேரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். ஆதம் அவர்களை உள்ளே போகும்படி கையைக் காட்டினார். யாரும் நகரவில்லை.

அண்ணாச்சி கோபப்படுவார் என்று செல்லப்பா எதிர்பார்த்தார். கோபம் வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லியிருப்பேன் தாயி" என்றார். "சொல்லிட்டு மறந்திருப்பேன். எனக்கு இப்ப ஒண்ணும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்கு."

பிறகு தம்பி பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனாலும் கேட்டது.

"இதுக்குத்தாம்லே ஒதுங்கிக்கிடுதேன்னு சொன்னேன். ஒரு வருசமா இப்படித்தான் இருக்கு. எவனோ வந்து, எம்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல எடம் வாங்கித் தந்தியளேன்னு கால்ல விழுதான். எனக்கு அவன் பேரே தெரியல. அபராதம் போட்டுட்டியளேன்னு ஒருத்தன் மொறைக்கான். நான் எப்பப் போட்டேன்? எல்லாரும் நான் சொன்னேன், நான் சொன்னேங்காவ. பாளையங்கோட்டைக்கு ரெண்டு தடவ டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன், யாருக்கும் தெரியாம. நம்ம அப்பாவுக்குக் கடைசியில புத்தி பெரண்டுச்சுல்லா, அது எனக்கும் வந்துட்டுன்னு நெனச்சேன். உங்கிட்ட சொன்னா நீ பயந்துருவன்னு சொல்லல."

அண்ணன் ஏன் ஒதுங்குகிறார் என்று ஊரே கேட்டது. அதற்குக் காரணம் தன் வாய்தான் என்று செல்லப்பாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

"அண்ணாச்சி, உங்களுக்கு மறதி இல்ல."

"பின்ன?"

"நீங்க சொல்லவே இல்ல. நான் சொன்னது. மாடக்கண்ணுவ நிப்பாட்டினது நான். அபராதம் போட்டது நான். எடம் வாங்கிக் குடுத்ததும் நான். இருபத்திரெண்டு வருசமா எல்லாத்தையும் நான் முடிவு பண்ணிட்டு, உங்க பேரச் சொல்லிக்கிட்டேன்."

வள்ளித்தாய் முதல் படியில் காலை வைத்தாள். "எதுக்கு நிப்பாட்டினிய?"

"அவனுக்குச் சாயங்காலம் ஆனா கண்ணு தெரியல வள்ளித்தாய். ரோட்டோரப் புளியமரத்துல ரெண்டு தடவ வண்டிய ஒரசியிருக்கான். ஒருநாளு அவனுக்குத் தெரியாம பின்சீட்டுல உக்காந்து வந்தேன். எதுத்தாப்ல வந்த மாட்டு வண்டிய அவன் பாக்கவே இல்ல. கண்டக்டர் சத்தம் போட்டதாலதான் ஒதுக்கினான். அம்பது உசுரு வண்டியில. இத வெளிய சொன்னா லைசென்சு போயிரும், வேற கம்பெனியிலயும் சேக்க மாட்டாவ. அதனாலதான் காரணம் சொல்லல."

"கண்ணுன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே!" என்று கத்திவிட்டாள் வள்ளித்தாய். "கண்ணுல புரைன்னா உரிச்சு எடுப்பாவளே! எங்க அக்காவுக்கு எடுத்தாவளே! ஒரு வார்த்த சொன்னா என்ன கொறைஞ்சு போயிருவிய? திருடன்னு பேரு வாங்கிக் குடுத்துட்டு நல்லது செஞ்சேங்கிதிய!"

நிறுத்தியது சரி. சொன்ன விதம் கோழைத்தனம். இரண்டும் ஒரே ஆள் செய்ததுதான், மறைக்க முடியாது.

"அந்தத் தாள எடு" என்றார் அண்ணாச்சி.

செல்லப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டு நாற்பத்து மூன்று வரியையும் படித்தார். அவசரமே படவில்லை. பாதியில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. புத்தி பிசகவில்லை என்கிற நிம்மதி. கடைசி வரிக்கு வரும்போது அது போய்விட்டது.

"எல்லாம் சரியாத்தாம்லே செஞ்சிருக்க" என்றார். "நானா இருந்தா இதுல பாதி தோணியிருக்காது. அப்ப இத்தன வருசமா அந்த ஆபீசுல நான் என்ன செஞ்சிக்கிட்டிருந்தேன்?"

"அண்ணாச்சி, அப்படிச் சொல்லாதிய..."

"எனக்கு ஒரு கும்பிடு வந்தா அது உனக்கு வரவேண்டியது. ஒரு சாபம் வந்தா அதுவும் உனக்கு வரவேண்டியது. ஊராங்கிட்ட நான் வாங்கிக்கிட்டது எதுவுமே என்னுது இல்லையா? டாக்டர் முன்னால உக்காந்து, இன்னைக்கு என்ன கெழமைன்னு அவரு கேக்க, நான் வெரல் விட்டு எண்ணிப் பதில் சொல்லிட்டு வந்தேம்லே. நீ ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வீட்டுல வந்து இன்னது சொல்லியிருக்கேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

இப்போது கோபம் வந்தது. ஆனால் அதைச் சத்தமாகப் போடக்கூட அவருக்குத் தெம்பில்லை. தாளை மடித்துத் தம்பியிடமே கொடுத்தார்.

"மதுரைக்குக் கடுதாசி போடல. நாளையிலேருந்து நீதான் மேனேஜர். சார், நீங்களும் கேட்டுக்கிடுங்க, மத்த முதலாளிமாரும் கேட்டுக்கிடுங்க. கம்பெனி இவன் பொறுப்பு."

இது உலகம்மை எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை! செல்லப்பா கும்பிட்டபடி குனிந்தார். அண்ணாச்சி ஒரு எட்டு பின்னால் போனார்.

"ஒண்ணே ஒண்ணு. இனிமே உன் வாயில அண்ணாச்சிங்கிற சொல்லு வரப்படாது."

"ஆபீசுல இனிமே சத்தியமா உங்க பேர..."

"ஆபீசுல மட்டும் இல்ல. வீட்டுலயும்."

குனிந்திருந்த செல்லப்பா நிமிர்ந்தார். "அப்ப உங்கள எப்படிக் கூப்பிட?"

"கூப்பிடாத" என்றார் சிவனணைந்தபெருமாள்.

படியில் இறங்கும்போது முழங்கால் வலியில் ஒருமுறை தடுமாறினார். செல்லப்பா ஓடிப்போய்க் கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, வள்ளித்தாயின் தோளைத் தொட்டு இறங்கினார். "மன்னிச்சுக்கிடு தாயி" என்று அவளிடம் மட்டும் சொன்னார். கார் கிளம்பி, அருவிக்குப் போகிற கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

பின்னாலிருந்து பாவூர்சத்திரத்துக்காரர், "வாழ்த்துக்கள் மேனேஜர்வாள்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆதம் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மழை வலுத்துவிட்டது. வள்ளித்தாய் போகவில்லை. வாசலில் நின்றபடி, இந்த மனிதர் இனி என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லப்பா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"மாடக்கண்ணுவ எங்கெல்லாம் தேடினே?" என்று கேட்டார்.